மாமல்லபுரத்துப் பாசியும் பல்கலைக்கழகமும்

மாமல்லபுரம்னா நமக்குச் சிற்பம்தான். ஆனால் 1940-களில் கே. எஸ். சீனிவாசன் என்ற தாவரவியலாளர் அங்குள்ள கடலோரப் பாறைகளை வேறொன்றுக்காகப் பார்த்தார். பாறையில் ஒட்டி வளரும் கடற்பாசிகளில் எது எந்தச் சூழலில் வளருது, பருவம் மாறும்போது எதற்குப் பிறகு எது வருது என்று குறித்தார். அந்தக் கட்டுரை 1946-ல், எம். ஓ. பி. அய்யங்காரைச் சிறப்பித்து இந்தியத் தாவரவியல் கழகம் கொண்டுவந்த மலரில் வெளியானது.

அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமிக்கவும் ஆய்வுக்கூடம் நடத்தவும் 1904 சட்டம் வழிவிட்டது. 1923 சட்டம் அதை வலுவாக்கியது.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த அய்யங்கார், லண்டனில் பாசியியல் அறிஞர் ஃபிரிட்சிடம் ஆய்வு செய்துவிட்டு வந்து, பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். 1932-ல் தான் விவரித்த மண்ணில் வளரும் பாசிக்கு ஃபிரிட்சியெல்லா என்று ஆசிரியர் பெயரையே வைத்தார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் நீலப்பச்சைப் பாசிகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அய்யங்காருக்குப் பின் 1944-ல் பொறுப்பேற்ற டி. எஸ். சதாசிவன், மண் பூஞ்சைகள், பயிர் நோய்கள் பக்கம் ஆய்வைக் கொண்டுபோனார்.

சரி, ஏன் மாமல்லபுரம்? சென்னையிலிருந்து தெற்கே பெரும்பாலும் மணல் கரை. கடற்பாசிக்கு நிலத்துச் செடி மாதிரி வேர் கிடையாது. ஒட்டிக்கொள்ள அசையாத பிடிப்பு வேணும். மணல் அலையோடு புரளும், பாறை புரளாது. அதனால்தான் உல்வா, கீட்டோமார்ஃபா எல்லாம் இங்கே நிக்குது. சென்னைத் தாவரவியல் மாணவர்களுக்கு இது பழகின களப்பயண இடம்.

ஆனால் களப்பயணம் வேறு, சீனிவாசன் செய்தது வேறு. ஒரு நாள் போய்ப் பை நிறைய அள்ளிவந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் பெயர் தெரியும், பருவம் தெரியாது. அதற்குத் திரும்பத் திரும்பப் போகணும். கடல் சூடாவது, கரை அரிப்பு பற்றியெல்லாம் இன்னைக்குப் பேசறோம். எது மாறிச்சுன்னு சொல்ல 1946 குறிப்பு ஒரு அளவுகோல். ஆனால் பாசியைக் கையில் எடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர் இருந்தால்தான் அந்த அளவுகோலுக்குப் பயன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர்தான். தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, ஒரு வகுப்பு மாதம் ஒருமுறை, ஒரு வருஷம் போனால் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.