கொடி மாறிய நாளும் சட்டம் நின்ற வகையும்

ஓர் அரசு நீங்கி மற்றோர் அரசு வருங்காலத்து, முன்னை அரசின் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட கிரயப்பத்திரமும், பதிவான விவாகமும், நடப்பிலுள்ள வழக்கும் யாதாகும்? இவ்வினாவிற்குப் பல ஆண்டுகள் முன்னரே விடை தேடத் தொடங்கிய நாடு சீனத்தின் தென்கரையிலுள்ள ஹாங்காங். அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

ஹாங்காங் தீவு 1842-லும், கௌலூன் 1860-லும் ஆங்கிலேயர் வசமாயின. புதிய பிரதேசங்கள் எனப்படும் பெரும்பகுதியோ 1898-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றதேயாம். அக்குத்தகை முடியுங்காலம் நெருங்கவே, 1984 டிசம்பர் 19-ல் இரு அரசினரும் கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். 1997 ஜூலை 1-ல் சீனம் முழுவதையும் மீளப் பெறும். நடப்புச் சட்டங்கள் பெரும்பாலும் மாறா என்பது ஏற்பாடு. 1990-ல் பெய்ஜிங்கில் இயற்றிய அடிப்படைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, பழைய பத்திரங்களும் ஒப்பந்தங்களும் உரிமைகளும் செல்லுமென்று உறுதி கூறிற்று.

மாறா என்று கூறுதல் எளிது, செய்தல் அரிது. கப்பல், வானூர்தி, நூலுரிமை முதலியவற்றிற்கு இங்கிலாந்துப் பார்லிமெண்டின் சட்டங்களே அங்கு வழங்கின. அவை கொடியோடு இறங்கிவிடும் ஆதலின், உள்ளூர்ச் சட்டசபை அவற்றிற்கு ஈடாகப் புதியன இயற்ற வேண்டியதாயிற்று. நூலுரிமைச் சட்டம் கைமாற்றத்திற்குச் சின்னாள் முன்னர், 1997 ஜூனில்தான், நிறைவேறிற்று. மொழித்தொல்லை வேறு. நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே நின்ற சட்டங்கள் 1989 முதல் இருமொழியில் இயற்றப்பட்டன. பழையன யாவும் சீனத்திற் பெயர்க்கப்பட்டன. 'மகாராணியார்' என்னுஞ் சொல் நின்ற இடமெல்லாம் ஒரே சொல்லைப் பெய்தலும் இயலாது. ஓரிடத்து அது பெய்ஜிங் அரசைக் குறிக்க வேண்டும், பிறிதோரிடத்து ஹாங்காங் அரசை. இலக்கணம் பயிற்றும் நமக்கு இதன் இடர்ப்பாடு நன்கு விளங்கும்!

1997 பிப்ரவரி 23-ல் சீன மக்கட்பேரவையின் நிலைக்குழு 14 சட்டங்களை முழுதும், 10 சட்டங்களைப் பகுதியாகவும் ஏலாதென விலக்கிற்று. குடியேற்ற அரசின் இலச்சினையைக் காக்குஞ் சட்டம் ஒழிந்ததற்கு எவரும் வருந்தார். ஆனால் 1991-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் பிற சட்டங்களுக்கு மேற்பட்டு நிற்கச் செய்த பிரிவுகளும் உடன் விலக்கப்பட்டன. இதனை வெறுஞ் சொல்மாற்றம் என்றல் நேர்மையன்று.

நம்மனோர் உற்று நோக்கத்தக்கது மற்றொன்று. புதிய பிரதேசங்களில் குலங்கள் தம் முன்னோர் பெயரால் பொது நிலங்களை வைத்துள்ளன. அவை வழக்காற்றின்படியே ஆளப்படுவன. உயில் எழுதாது இறந்தோனின் நிலமும் அவ்வழக்காற்றின்படி ஆண்மக்கட்கே சென்றது. 1994-ல் குலத்தலைவர் பலர் கடுமையாக எதிர்த்தும், புதல்வியர்க்கும் உரிமையளித்துச் சட்டம் நிறைவேறிற்று. குலப்பொதுநிலம் மட்டும் பழைய வழக்காற்றிலேயே நின்றது. அடிப்படைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவோ ஆங்குள்ள பூர்வ குடிகளின் முறையான மரபுரிமைகளைக் காக்குமென்கிறது. குலவழக்கைக் காத்தலும் புதல்விக்கு நீதி செய்தலும் ஒருங்கே கூடுமா என்று ஐயுறுவார்க்கு, கூடும் என்பதே நம் கருத்து.

நம் நாட்டில் 1950-ல் அரசியலமைப்பின் 372-ஆம் பிரிவு பழைய சட்டங்களை ஒரே வீச்சில் நிலைநிறுத்தியது. ஹாங்காங்கிலோ, ஷென்ஜெனிற் கூடிவந்த தற்காலிகச் சட்டசபை ஜூலை 1 விடியுமுன் ஹாங்காங்கிற் கூடி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் உடனே சோதனைக்குள்ளாயிற்று. முன்னரே குற்றஞ் சாட்டப்பெற்ற சிலர், பழைய சட்டங்கள் முறையாக ஏற்கப்படவில்லை, அச்சபையும் செல்லாதது, ஆகலின் தம்மேலுள்ள குற்றச்சாட்டு ஒழிந்தது என வாதித்தனர். அவ்வாதம் வென்றிருப்பின் சிறைக்கதவு மட்டுமன்று, ஒவ்வொரு வீட்டின் பத்திரப்பெட்டியும் ஐயத்திற்கு இடமாகியிருக்கும். ஜூலை 29-ல் மேல்முறையீட்டு மன்றம், தனியே ஏற்புச்செயல் வேண்டா, அடிப்படைச் சட்டத்தாலேயே பழைய சட்டம் இடையறாது தொடர்ந்தது, சபையும் செல்லுபடியானதே எனத் தீர்ப்பளித்தது. குற்றஞ் சாட்டப்பட்டோர் விசாரணைக்குத் திரும்பினர்; சட்டநூல்களில் பழஞ்சொற்களைக் களையும் பணியோ பின்னும் பல்லாண்டு நடந்தது.