தென்கொரிய அரசியலமைப்பு, பிரிவு 65: ஓர் உரை

பணியை ஆற்றுகையில் அரசியலமைப்பையோ சட்டத்தையோ மீறினால் அதிபர்மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம்.

திறமைக் குறைவு, மக்கள் வெறுப்பு எதுவும் இதற்குப் போதாது. ஆனால் மீறல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. அதை அரசியலமைப்பு நீதிமன்றம்தான் சொன்னது. 2004இல் தேர்தல் நெருங்கும் நேரத்தில் அதிபர் ரோ மூ-ஹியூன் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசினார். சட்டமீறல்தான், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவரை இறக்கும் அளவுக்குக் கடுமையானதல்ல என்று நீதிமன்றம் பதவிநீக்க மனுவைத் தள்ளுபடி செய்தது. சரியான வாசிப்பு. இல்லையேல் நாடாளுமன்றத்தில் பலம் கூடியவர்கள் சிறு பிழைக்கெல்லாம் அதிபரை வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள்.

நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முன்மொழிய, மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்க வேண்டும்.

அதாவது, 300 பேரில் 200. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து அவைக்குள் போனார்கள். வந்துசேர்ந்த 190 பேரும் அதை விலக்கக் கோரி வாக்களித்தார்கள். அப்படியும் டிசம்பர் 7 அன்று ஆளுங்கட்சியினர் வெளியேறியதால் பதவிநீக்கத் தீர்மானம் தோற்றது. ஒரு வாரம் கழித்து 204 வாக்குகள் விழுந்தன. எதிர்த்தரப்பிடம் இருந்தவை 192தான்.

தீர்மானம் நிறைவேறினால் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும்வரை அதிபரின் அதிகாரம் நிறுத்திவைக்கப்படும்.

இந்தப் பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டிய பிறகும் அதிபர் முழு அதிகாரத்தோடுதான் செனட் விசாரணையைச் சந்திக்கிறார். கொரியாவில் அன்றே பொறுப்பு பிரதமரிடம் போய்விடுகிறது. ராணுவமும் போலீசும் குற்றஞ்சாட்டப்பட்டவர் கையிலேயே இருந்தால் யார் துணிந்து சாட்சி சொல்வார்கள்? யூன் வழக்கில், சிறப்புப் படைத் தளபதியாக இருந்தவரே வந்து, அவைக்குள் இருந்தவர்களை வெளியே இழுத்துவர அதிபர் உத்தரவிட்டார் என்று நீதிபதிகள் முன் சொன்னார். 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமித்து யூனை நீக்கினார்கள்.

தீர்ப்பு பதவிநீக்கத்தோடு நிற்கும். உரிமையியல், குற்றவியல் பொறுப்பு நீங்காது.

இந்த நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாது. அது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. பதவியில் இருக்கும்வரை கிளர்ச்சி, தேசத்துரோகம் தவிர வேறு குற்றத்துக்கு அதிபர்மீது வழக்குத் தொடர முடியாது. பதவி போனால் அந்தக் காப்பும் போய்விடும். அதிபர் பார்க் குன்-ஹே 2017 மார்ச் 10 அன்று நீக்கப்பட்டார். மார்ச் 31 அன்று ஊழல் வழக்கில் கைதானார்.