பாஸ்டனில் ஈரல் வைத்தியம்

இங்கிலாந்தின் தாமஸ் அடிசன் 1855-ஆம் ஆண்டில் தம் நூலில் விவரித்த கொடிய இரத்தசோகை, அதன் பின்னர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் வரை, நோயாளியின் தேகத்தை வெளிறச் செய்து, நாவைப் புண்ணாக்கி, கால்களை மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்துவந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட் என்னும் வைத்தியர், நோயாளிகளின் ஆகார விவரங்களை நுணுக்கமாக விசாரித்துக் குறித்துவைக்கும் வழக்கமுடையவர். அந்த விசாரணையையே நான் அவருடைய மேதைமையின் மூலமாகக் கருதுகிறேன். 1921-இல் அவரையே நீரிழிவு பற்றியது. நீரிழிவு வைத்தியரான எலியட் ஜாஸ்லினின் சிகிச்சையில், கடுமையான பத்தியத்தால் மெலிந்து உயிர் தரித்திருந்த அவரை, 1923-இல் கிடைத்த இன்சுலின் மீட்டெடுத்தது.

இரத்தம் வடிக்கப்பெற்ற நாய்களுக்கு ஈரல் உணவு நலம் தருவதை விப்பிள் என்ற ஆராய்ச்சியாளர் கண்டிருந்தமையால், மைனாடும் அவருடைய சகாவான வில்லியம் மர்பியும் தம் நோயாளிகளுக்கு நாள்தோறும் அரை ராத்தல் வரை ஈரலைப் புசிக்கக் கொடுத்தனர். உணவின்மீதே வெறுப்புற்றிருந்தவர்களுக்கு அது எத்துணை பெரிய சோதனை! ஆயினும் பத்து நாட்களுக்குள்ளேயே இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் பெருகின. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து அமர்ந்து பசிக்கிறது என்றனர். 45 நோயாளிகளின் வரலாறு 1926-இல் வெளியாயிற்று. 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இந்நோய்க்குக் காரணமான குறை இரைப்பையின் சுரப்பில் உள்ளதென்பதை வில்லியம் காசில் என்ற வைத்தியர் 1929-இல் நிரூபித்தார். ஈரலில் மறைந்திருந்த பி12 என்னும் வைட்டமின் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டபின், ஈரலை உண்ண வேண்டிய அவசியமே ஒழிந்தது.