செங்கோல் மேயர் கையில், கையெழுத்து ஆணையர் கையில்

சென்னை மேயரின் சிவப்பு அங்கிக்கும் வெள்ளிச் செங்கோலுக்கும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவற்றைத் தாங்கியவரின் அதிகாரமோ ஒரே இடத்தில் நின்றதில்லை. வரி விதிப்பது யார், அதிகாரிக்கு உத்தரவிடுவது யார் என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த அலைச்சலின் தடம் தெரியும்.

தொடக்கமே வரியில்தான். கோட்டைக்கும் நகருக்கும் ஆகும் செலவை மக்களிடமிருந்தே பெற விரும்பினார் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைவர் ஜோசையா சைல்டு. வெள்ளைக்கார ஆளுநர் கேட்டால் முரண்டு பிடிப்பவர்கள், தங்களவர்களும் அமர்ந்த சபை கேட்டால் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1687 டிசம்பர் 30இல் சாசனம் எழுதப்பட்டது; 1688 செப்டம்பர் 29இல் மாநகராட்சி பதவியேற்றது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆல்டர்மென் (நகரச் சபை உறுப்பினர்கள்). ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வணிகர் ஆகியோருடன் சின்ன வேங்கடாத்ரி போன்ற உள்ளூர் வணிகர்களும் இருந்தார்கள்.

சைல்டின் கணக்கு பொய்த்தது. நகர மண்டபம், பள்ளி, சிறை, சாக்கடை என்று பட்டியல் போட்டு வரி கேட்டபோது மக்கள் இணங்கவில்லை. பணம் இல்லாத சபை எதைக் கட்டும்? 1726ஆம் ஆண்டுச் சாசனத்துக்குப் பிறகு மேயர் என்றால் முதன்மையாக மேயர் நீதிமன்றத்தில் வழக்குக் கேட்பவர் என்றாகிவிட்டது. 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்ததும் அதுவும் போயிற்று. தெருவைக் கூட்டவும் செப்பனிடவும் வரி விதிக்கும் வேலை, அதற்கு முன்பே, 1793ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசு அமர்த்திய நீதிபதிகளிடம் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சிக்குத் தலைமை வகித்தவர், அரசு நியமித்த அதிகாரியான ‘பிரசிடெண்ட்’. சபைக்குத் தலைவரும் அவரே, நிர்வாகமும் அவரே.

இன்றைய அமைப்பின் அடித்தளம் 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம். அது தலைவரையும் நிர்வாகத்தையும் இரண்டாக வெட்டியது. சபைக்குத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகம் அரசு அனுப்பும் ஆணையருக்கு. மக்களாட்சிக்கு ஒரு கதவைத் திறந்தவர்கள் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்தக் கதவு வழியே பெரிய காரியங்கள் நடந்தன. 1920இல் தலைவரான பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்க மாமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். 1933இல் ‘மேயர்’ என்ற பட்டம் திரும்பி வந்தது, எம்.ஏ. முத்தையா செட்டியார் முதலில் அதைப் பெற்றார். 1939இல் மேயரான சத்தியமூர்த்தி, ஓராண்டுப் பதவிக்குள் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கையில் எடுத்தார். உலகப் போரில் மூழ்கியிருந்த ஆங்கில அரசை விடாமல் வற்புறுத்தி, 1940இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்ட வைத்தார். 1944இல் பணி முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. அவருக்குச் சட்டம் தந்த அதிகாரம் சிறிது. செல்வாக்கும் விடாப்பிடியுமே மிச்சத்தைச் செய்தன.

விடுதலைக்குப் பிறகும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வெட்டு அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய அடி 1973இல் விழுந்தது. மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஊழலைத் தொடர்ந்து மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை, இருபதாண்டுக்கு மேலாக, அரசு அமர்த்திய தனி அலுவலர்களே நகரை நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இல்லாத அந்தக் காலத்தில்தான், 1978இல், குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போயின. நிலப் பயன்பாட்டு வரைமுறையும் பெருந்திட்டமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பொறுப்பில் அமைந்தன. எதிர்த்துக் கேட்க மேயர் என்று ஒருவர் இருக்கவில்லை.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 1996இல் தேர்தல் திரும்பியது. மு.க. ஸ்டாலின் மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். 2006இல் அந்த முறை மாறி, கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் நேரடித் தேர்தல் மீண்டும் வந்தது. 2016க்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் மாமன்றமே இல்லை. 2022 மார்ச்சில், மீண்டும் மறைமுக முறையில், 200 கவுன்சிலர்கள் கூடி, 28 வயது ஆர். பிரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். அங்கியும் செங்கோலும் அவருக்குக் கிடைத்தன. ஆணையரை நியமிக்கும் கோப்பு மட்டும் 1919இல் இருந்தது போலவே மாநில அரசின் மேசையில் இருக்கிறது. பூண்டித் தண்ணீர் குழாயில் வராவிட்டால் சென்னைவாசி புகார் சொல்ல வேண்டிய இடம், சத்தியமூர்த்தி அமர்ந்த அலுவலகம் அல்ல, குடிநீர் வாரியம்.