தாராவியின் குரல்கள்

மும்பை தாராவியிலுள்ள படா மஸ்ஜித் 1887-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனைச் சூழ்ந்து வாழ்ந்தோர் யாவர்? கோலி மீனவர்கள் அங்கு முன்பே இருந்தனர். பின்னர் சவுராஷ்டிரத்துக் குயவர்கள் வந்தனர். சதுப்பு நிலத்தோரம் தோல் பதனிடும் தொழிலை நடத்தியவர்களுள் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். பச்சைத் தோல் பாந்திரா இறைச்சிக்கூடத்திலிருந்து வந்தது. நாற்றமடிக்கும் தொழிலை நகரத்தார் தம் எல்லைக்குள் விரும்பவில்லை. ஆகவே நகரத்தின் விளிம்பே உழைப்பாளிகளுக்கு ஊராயிற்று. பள்ளிவாசலின் ஆண்டு எழுத்தில் இருக்கிறது. தோலை உப்பிட்டு, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்த கைகளுக்கு உரியோர் பெயர் எழுத்தில் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றவற்றுள் உழைப்பாளிகளின் வாய்மொழியைப் பதிவுசெய்த திரைப்படங்களுக்குத் தனியிடம் உண்டு. இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று 1935-இல் இலண்டனில் எடுக்கப்பட்ட 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்'. கிழக்கு இலண்டன் ஸ்டெப்னியின் ஏழைக் குடியிருப்பாளர்கள் கேமராவை நேரே நோக்கி எலித்தொல்லையையும் இடியும் சுவர்களையும் பற்றிப் பேசினார்கள். தொழிலாளி தன் வாயால் தன் வாழ்வைச் சொல்வது அக்காலத் திரைக்குப் புதிது. ஆனால் அப்படத்துக்குப் பணம் கொடுத்தது எரிவாயுத் தொழில்துறை. புதிய குடியிருப்புகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகளும் விற்கும் அல்லவா?

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1985-இல், ஆனந்த் பட்வர்தன் மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றி 'ஹமாரா ஷஹர்' எடுத்தார். நடைபாதைவாசிகளின் வாழ்வுரிமை குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவ்வாண்டே. அப்படத்தில் ஒரு பெண் இயக்குநர் மீதே சீறுகிறார்: எங்களைப் படமெடுத்து நீ பெயர் வாங்குவாய், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பொருளில் அவர் கேட்கிறார். பட்வர்தன் அக்காட்சியை வெட்டவில்லை. தமக்கு எதிரான சாட்சியத்தையும் படத்தில் இருக்க விட்டது பாராட்டுக்குரியது.

தாராவிக்குத் திரும்புவோம். 1992-93 மும்பைக் கலவரம் பற்றி விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் உயிரிழந்தோர் 900 பேர் என்று பதிந்தது. அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். இக்கணக்கு இன்றியமையாதது, இதனை மறக்கவும் கூடாது. ஆயினும் கொலை நடந்த தெருவில் மறுநாள் காலை அண்டைவீட்டார் முகத்தை எவ்வாறு பார்த்தார்கள் என்பதை அறிக்கையின் அட்டவணை சொல்லாது. டாடா சமூக அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அஞ்சலி மொந்தேரோ, கே.பி. ஜெயசங்கர் இருவரும் 2003-இல் எடுத்த 'நாதா' அந்தக் கேள்வியை நோக்கித்தான் செல்கிறது. நாதா என்றால் உறவு.

வகார் கான், பாவு கோர்டே என்னும் இரு நண்பர்களே அப்படத்தின் மையம். கலவரத்துக்குப் பின் தாராவியின் மொஹல்லாக் குழுக்களில் சேர்ந்து உழைத்தவர்கள். நான்கு சமயத்து உடைகளில் நான்கு சிறுவர்கள் நிற்கும் சுவரொட்டி, மக்களுக்குத் திரையிட்டுக் காட்டத் தாமே உருவாக்கிய காணொளி என அவர்கள் கைக்கொண்ட வழிகள் எளியவை. அவற்றை வெறும் சமரசப் பிரசாரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது நியாயமன்று. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்போருக்கும் சுவரைப் பகிர்ந்து வாழ்வோருக்கும் இணக்கம் என்பது அன்றாடத் தேவை. மேலும், அப்படத்தை எடுத்த இருவரும் தாம் யார், தம் அடையாளம் என்ன என்பதையும் அதில் சேர்த்தே சொல்கிறார்கள்.

இவ்விடத்தில் மதரஸா மாணவருக்கு இஸ்னாத் நினைவுக்கு வரும். ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் பார்ப்பதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் சந்தித்தார்களா என்றெல்லாம் ஆராய்கிறோம். வாய்மொழி வரலாற்றுக்கும் இதே தராசு வேண்டும். யார் கேட்டார், யார் பணம் தந்தார், எதை வெட்டினார் என்பதே அதன் தொடர். ஸ்டெப்னி மக்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் எரிவாயுத் தொழிலார் அத்தொடரில் நிற்கிறார்கள் என்பதை அறிந்தே கேட்கவேண்டும். முதியவர் ஆண்டை மாற்றிச் சொல்லக்கூடும். அதற்காக அவருடைய முழுக் கூற்றையும் தள்ளிவிடலாகாது. கூலி எவ்வளவு, யார் வேலைக்கு அழைத்து வந்தார், பெருநாளன்று விடுமுறை கிடைத்ததா என்பன போன்றவற்றுக்கு அவரே முதல் சாட்சி. நம் பெரியமேட்டுத் தோல்மண்டிகளிலும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களிலும் உழைத்து ஓய்ந்தோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஜுமுஆ முடிந்தபின் அவர்களோடு அமர்ந்து கைப்பேசியில் பதிவுசெய்ய ஒரு மணி நேரம் போதும். அப்போது கேட்பவரின் பெயரையும் தேதியையும் சேர்த்தே பதியுங்கள்.

தாராவியில் தோல் பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. தோற்பொருள் கடைகளே எஞ்சியுள்ளன. மறுசீரமைப்புத் திட்டத்துக்காகச் சந்து சந்தாக வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கு வசித்ததைக் காட்டும் ஆவணம் கேட்கப்பட்டது. மூன்று தலைமுறைக்கு முன் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, யாருடைய பட்டறைக்கு வந்தார் என்பதற்கு அப்படிவத்தில் கட்டம் இல்லை.