முதுமை எய்திய வெடிமருந்து

நோயைத் தீர்ப்பதற்கு நாம் உட்கொள்வதும் மருந்து. துப்பாக்கிக் குழலினுள் வெடித்துக் குண்டைத் துரத்துவதும் மருந்து. உயிரைக் காப்பதற்கும் போக்குவதற்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோரின் மனப்பாங்கைச் சொல்லாராய்ச்சி வல்லார் ஆராயட்டும். ஈண்டு நாம் கருதுவது வேறொன்று. மருந்துக்கடைப் புட்டியின்மேல் அது எந்நாள்வரை பயன்படும் என்று அச்சிட்டிருப்பார்கள். வெடிமருந்துக் குப்பியின்மேல் அவ்வாறு நாள் குறிக்கும் வழக்கமில்லை. ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. அந்த முதுமையை மனிதன் அறிந்துகொள்ளக் கொடுத்த விலையே இக்கட்டுரையின் பொருள்.

பழங்காலக் கருமருந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்ததே கருமருந்து. அது கலவையேயன்றிப் புதிய சேர்மமன்று. மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்குமேயொழிய ஒன்றையொன்று தின்னா. ஈரம் படாமல் வைத்தால் பாட்டன் காலத்து மருந்து பேரன் காலத்திலும் வெடிக்கும். அதன் குறையெல்லாம் புகையும் கரியுமே. நாலைந்து முறை சுட்டால் போர்க்களமே மறைந்துபோகும்.

1846 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்தியான் சோன்பைன் என்பார், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோய்த்துக் கழுவி உலர்த்தி வெடிபஞ்சை உண்டாக்கினார். சிந்திய அமிலத்தை மனைவியின் சமையலறை மேலாடையால் துடைத்து அடுப்பருகே காயவைத்தபோது அது பொசுக்கென்று எரிந்து மறைந்ததாகக் கதையும் சொல்வர். புகையின்றிக் கருமருந்தினும் பன்மடங்கு வலிமையோடு எரியும் பொருளைக் கண்ட ஐரோப்பிய அரசுகள் மகிழ்ந்தன. ஆனால் அம்மகிழ்ச்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1847 சூலையில் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் என்னுமிடத்தில் வெடிபஞ்சு ஆலை வெடித்து இருபது பேரளவில் மாண்டனர். பிரான்சிலும் பின்னர் ஆஸ்திரியாவிலும் இதுவே நிகழ்ந்தது. தீயும் பொறியும் இல்லாத இடத்தில், பூட்டிய கிடங்கில், தானே வெடித்தது என்பதுதான் அறிஞர்களைத் திகைக்க வைத்தது.

காரணத்தின் ஒரு பகுதியைக் கண்டவர் ஆங்கிலேய வேதியியலார் ஃபிரெடரிக் ஏபெல். பஞ்சின் இழை உள்ளே புழையுள்ள மெல்லிய குழல் போன்றது. எத்துணை கழுவினாலும் அக்குழலுக்குள் துளி அமிலம் ஒளிந்துகொள்ளும். ஆதலால் காகித ஆலையில் கூழாக்குவதுபோல் வெடிபஞ்சையும் அரைத்துப் பின்னர்க் கழுவ வேண்டும் என்று 1865 இல் அவர் வழிகாட்டினார். நல்ல வழியே. எனினும் அமிலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு மட்டுமன்று. அப்பொருளின் உள்ளிருந்தே பிறப்பது என்ற முழு உண்மை தெளிவாவதற்கு இன்னும் பல உயிர்கள் போகவேண்டியிருந்தது.

1884 இல் பிரெஞ்சுக்காரரான பால் வியேல், வெடிபஞ்சை ஈதரும் ஆல்ககாலும் கலந்த நீர்மத்தில் இளக்கிப் பசையாக்கித் தகடாகத் தேய்த்துச் சிறு செதில்களாக நறுக்கினார். புகையில்லா மருந்து பிறந்தது. அதற்கெனவே 1886 இல் லெபெல் துப்பாக்கி உருவாயிற்று. ஐரோப்பாவின் ஏனைய படைகளிடம் இருந்த துப்பாக்கிகள் யாவும் பழம்பொருளாயின. பிரிட்டிஷார் 1889 இல் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்து நூல்போல இழுத்துக் ‘கார்டைட்’ எனப் பெயரிட்டனர். நீலகிரியின் அருவங்காட்டில் 1903 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட கார்டைட் ஆலை தமிழ்நாட்டார் பலர் அறிந்ததே. மலைக்குளிரில் அவ்வாலையை அமைத்தது பொருத்தமே என்பது மேலே வரும் செய்திகளால் விளங்கும்.

1907 மார்ச்சு 12 அன்று பிரான்சின் துலோன் துறைமுகத்தில், பழுதுபார்ப்பதற்காக நீர் வடித்த உலர்துறையில் நின்றிருந்தது ‘இயெனா’ என்னும் போர்க்கப்பல். பகலுணவுக்குப்பின் அதன் மருந்தறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கின. மருந்தறையில் நீரைப் பாய்ச்சி அணைக்கலாம் என்றால் கப்பல் நின்றதோ உலர்ந்த துறையில். அருகிருந்த ‘பத்ரீ’ கப்பல் துறையின் கதவை உடைக்கப் பீரங்கியால் சுட்டது. குண்டு கதவில் பட்டுத் தெறித்துப் போயிற்று. இறுதியில் ரூ என்னும் இளம் அதிகாரி தம் கையால் மதகைத் திறந்து நீரை உள்ளே விட்டார். அவ்வாறு திறந்த அவரும் சிதறிய துண்டுகளால் உயிரிழந்தார். மாண்டோர் ஏறத்தாழ 120 பேர். பழைய வெடிமருந்து தானே சிதைந்து தீப்பற்றியது என்ற ஐயமே வலுத்தது. அடுத்த ஆண்டு கடற்படை அமைச்சர் பதவி விலகினார்.

இது போதாதென்று 1911 செப்டம்பர் 25 விடியற்காலை, அதே துலோனில் நங்கூரமிட்டிருந்த ‘லிபெர்த்தே’ போர்க்கப்பல் வெடித்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெயர்ந்த கவசத்தின் 37 டன் எடையுள்ள துண்டொன்று பறந்துபோய் அண்டையில் நின்ற கப்பலைத் தாக்கிற்று. பகைவர் ஒருவரும் இல்லாத அமைதிக் காலத்தில், சொந்தத் துறைமுகத்தில், சொந்த மருந்தே இரு பெருங்கப்பல்களைக் கொன்றது.

இம்மருந்து முதுமை அடைவது எவ்வாறு? கருமருந்தில் எரிபொருளும் உயிர்வளி தரும் பொருளும் தனித்தனியாய் உள்ளன. புகையில்லா மருந்திலோ அவ்விரண்டும் ஒரே மூலக்கூற்றினுள் அடைபட்டுக் கிடக்கின்றன. அக்கட்டு உறுதியானதன்று. செய்து முடித்த நாளிலிருந்தே மிகமிக மெதுவாக அது அவிழத் தொடங்குகிறது. அவிழும்போது நைட்ரஜன் ஆக்சைடு வளிகள் வெளிப்படும். அவை ஈரத்தோடு கூடி அமிலமாகும். அவ்வமிலம் எஞ்சிய மருந்தை இன்னும் விரைவாக அவிழ்க்கும். கடனுக்கு வட்டியும் வட்டிக்கு வட்டியும் ஏறுவது போன்ற கணக்கு இது. வெப்பம் மிகுந்தால் வட்டி விகிதமும் மிகும். குளிர்நாட்டில் நெடுங்காலம் தாங்கும் மருந்து, நம்போன்ற வெப்ப நாட்டில் தகரக் கொட்டகைக்குள் அத்தனை காலம் தாங்காது.

இதற்கு முழு மாற்று இல்லை, தாமதப்படுத்தும் வழியுண்டு. வெளிப்படும் வளியை அமிலமாகுமுன் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளைச் சிறிதளவு சேர்ப்பதே அது. டைபீனைலமீன் என்பது அவற்றுள் தலைசிறந்தது. கார்டைட்டின் கதை இங்குச் சுவையானது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாசலின் சேர்த்தவர்கள், குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கட்டும் என்றே சேர்த்தனர். அது மருந்தின் ஆயுளை நீட்டிக்கும் காவலன் என்பது பின்னரே தெரியவந்தது. ஆனால் காவலனும் நாளடைவில் செலவாகிறான். அவன் கடைசித் துளி தீர்ந்தபின் வட்டிக்கணக்கு தடையின்றி ஓடும். அதனால்தான் அமெரிக்கப் படைத்துறையினர் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து 65.5 பாகை வெப்பத்தில் வைத்து, செந்நிறப் புகை எத்தனை நாளில் எழுகிறது என்று கண்காணித்து, விரைவில் எழுந்தால் அத்தொகுதி முழுவதையும் அழித்துவிடும் முறையை மேற்கொண்டனர்.

முதல் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் பீரங்கி மருந்து மலைபோல் எஞ்சியிருந்தது. அது கிடங்கில் கிழடாகிக்கொண்டிருந்தது. ஃபிரெட் ஓல்சன் என்னும் வேதியியலார் அதை எறிவானேன் என்று எண்ணினார். பழைய மருந்தைக் கரைப்பானில் கரைத்து, நீரில் கலக்கிச் சுழற்றினால் அது சிறுசிறு உருண்டைகளாகத் திரள்கிறது. உள்ளே பிறந்திருந்த அமிலமும் கழுவுண்டு போகிறது. 1933 இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் இம்முறையில் உருண்டை மருந்தைச் செய்யத் தொடங்கியது. முதியதை இளையதாக்கிய இக்காயகற்பம், பின்னர்ப் புதுப் பஞ்சிலிருந்து செய்யும் மருந்துக்கும் உரிய முறையாயிற்று.

அம்முறைக்கும் ஒரு பின்விளைவு இருந்தது. அமிலத்தை அடக்க உருண்டை மருந்தில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்தனர். நம் நாட்டுப் படையினரும் ஏந்திய எம்-16 துப்பாக்கி, முதலில் டூபாண்ட் நிறுவனத்தின் குச்சி வடிவ மருந்துக்கென அமைந்தது. 1964 இல் உருண்டை மருந்துக்கு மாறினர். சுண்ணாம்புப் படிவு துப்பாக்கியின் நுண்குழாயை அடைத்தது. சுடும் வேகமும் அளவுமீறிற்று. துடைப்பதற்குரிய கருவிகளும் வீரர்களுக்குப் போதிய அளவில் தரப்படவில்லை. வியட்நாம் காடுகளில் இளைஞர் பலர் சிக்கிக்கொண்ட துப்பாக்கியோடு மாண்டனர். 1967 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்துப் படைத்துறையைக் கடிந்துரைத்தது. சுண்ணாம்பின் அளவு குறைக்கப்பட்டது அதன்பின்னரே. துப்பாக்கியை மாற்றாமல் மருந்தை மாற்றுவது சிறு செயல் என்று எண்ணிய அலுவலர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் அலுவலர்கள் அல்லர்.

இனி, தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்கப் பொதுமக்களின் பக்கம் வருவோம். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். தீமூட்டும் கிண்ணமும் மருந்தும் குண்டுமே புதிதாய் வேண்டும். சிக்கனத்தின் பொருட்டும் குறி தப்பாமையின் பொருட்டும் இதனை ஒரு கைத்தொழில்போலச் செய்வோர் அங்குப் பல்லாயிரவர். மலேசியாவில் 1960 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உள்ளது. காட்டுப்பன்றியை விரட்ட உரிமம் பெற்ற தோட்டக்காரரும் கடைத்தோட்டாவை மட்டுமே அறிவார். ஆகவே இஃது நமக்குப் புதுமையாகத் தோன்றும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கன்சாஸ் மாநிலத்தில் எரிவாயு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர், அரசு கழித்துவிட்ட 4895 என்னும் எண்ணுடைய துப்பாக்கி மருந்தில் 50,000 பவுண்டை வாங்கினார். பணத்துக்குத் தம் ஆயுள் காப்புறுதியின்மேல் கடன் பெற்றார். வாடகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில் பழைய இரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி அதையே கிடங்காக்கினார். ஓர் அங்குல விளம்பரம் ஒன்றை இதழில் வெளியிட்டார். 150 பவுண்டு பீப்பாய் 30 டாலர். புதல்வர் இருவரும் பள்ளிக்குச் செல்லும் வழியில் பெட்டிகளைக் காரில் ஏற்றி இரயில் நிலையத்தில் சேர்த்தனர். 1952 இல் வேலையை விட்டு இதனையே தொழிலாகக் கொண்டார். போரின் எச்சிலில் ஒரு குடும்பம் வளர்ந்தது என்று முகம் சுளிப்பாரும் உளர். கிடங்கில் வீணாகக் கிடந்து அழிவதை விட இது நன்றென்பதே என் கருத்து.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. படைக்கெனச் செய்த மருந்து தொகுதிக்குத் தொகுதி எரியும் வேகத்தில் சற்று வேறுபடும். தோட்டா ஆலையில் அழுத்தமானி வைத்துச் சோதித்து ஒவ்வொரு தொகுதிக்கும் அளவை மாற்றிக்கொள்வர். வீட்டு மேசையில் அமர்ந்து நிரப்புவோனிடம் அழுத்தமானி ஏது? அவன் கையில் உள்ளது அச்சிட்ட அட்டவணை ஒன்றே. அதனால்தான் பொதுமக்களுக்கு விற்கும் மருந்தைப் பல தொகுதிகளைக் கலந்து ஒரே தரத்துக்குக் கொண்டுவருகின்றனர்.

இருபது மில்லிமீட்டர் பீரங்கிக்கெனச் செய்த 4831 என்னும் மருந்தையும் ஹாட்ஜ்டன் மலிவாக விற்றார். மெதுவாக எரியும் அம்மருந்து பெரிய வேட்டைத் தோட்டாக்களுக்கு அரிதாகப் பொருந்திற்று. ஜாக் ஓகானர் போன்ற வேட்டை எழுத்தாளர்கள் அதனைப் புகழ்ந்தனர். 1970களின் தொடக்கத்தில் போர்க்கால இருப்புத் தீர்ந்தது. ஹாட்ஜ்டன் ஸ்காட்லாந்தில் புதிதாகச் செய்வித்து அதே எண்ணில் விற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் டூபாண்ட் நிறுவனமும் தன் 4831 ஐக் கடைக்கு அனுப்பியது. எண் ஒன்று, வேகம் வேறு. டூபாண்டின் மருந்து சற்று விரைவாக எரிவது. மெதுவான மருந்துக்கு உரிய அளவை விரைவான மருந்தில் இட்டால் அழுத்தம் மிகும். துப்பாக்கி வெடிக்கவும் கூடும். எண்ணுக்கு முன்னிருந்த எழுத்தை நோக்காதவன் கண்ணுக்கே ஆபத்து. 2003 இல் டூபாண்டின் வழிவந்த அப்பெயரையும் ஹாட்ஜ்டன் நிறுவனமே வாங்கிற்று. இரண்டு 4831களும் ஒரு கூரையின்கீழ் வந்தபின்னும் வேறுபாடு வேறுபாடே.

மறைந்த தந்தையின் அலமாரியில் இப்படிப்பட்ட குப்பியைக் காணும் மகனுக்கு எழும் கேள்வி இரண்டு. இது இன்னும் உயிரோடு உள்ளதா? இஃது எது? முதற்கேள்விக்கு மூக்கும் கண்ணும் ஓரளவு விடை கூறும். நல்ல மருந்தில் ஈதரும் ஆல்ககாலும் சார்ந்த மென்மணம் இருக்கும். கெட்டதில் அமிலத்தின் காரநெடி ஏறும். துருப்போன்ற செம்பொடி படியும். தகரக்குப்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அத்தகையதைச் சுட்டுப் பார்ப்பது அறிவுடைமையன்று. ஆனால் நெடி இல்லாமையே நலத்துக்குச் சான்றாகிவிடாது. காவலன் எவ்வளவு எஞ்சியுள்ளான் என்பதை ஆய்வுக்கூடமே கூறும். இரண்டாம் கேள்வி இன்னும் கடினமானது. வழக்கொழிந்த மருந்துக்கு இன்றைய அட்டவணையில் இடமில்லை. பழைய அட்டவணையோ வேறு கூடு, வேறு குண்டு கொண்டு செய்த சோதனை. சீட்டுக் கிழிந்திருந்தாலோ வேறு குப்பிக்கு மாற்றியிருந்தாலோ உள்ளிருப்பது பெயரற்ற பொருள். பெயரற்ற மருந்தை அழித்துவிடுக என்றே இத்துறை வல்லார் ஒருமுகமாகக் கூறுவர்.

தனிமனிதன் ஒரு குப்பியை அழிப்பது எளிது. அரசுகளுக்கு அஃது எளிதாயில்லை. லூசியானா மாநிலத்து மிண்டன் முகாமில், காலாவதியான எம்-6 பீரங்கி மருந்தை அப்புறப்படுத்தும் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனம் ஒன்று அதனைக் குவித்து வைத்திருந்தது. 2012 அக்டோபர் 15 அன்று அங்கொரு கிடங்கு வெடித்துப் பல கல் தொலைவிலுள்ள வீடுகளின் கண்ணாடிகள் உடைந்தன. சோதித்தபோது ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் பவுண்டு மருந்து, ஒரு பகுதி திறந்தவெளியிலும் கூட, கிடக்கக் கண்டனர். அருகிருந்த டாய்லைன் சிற்றூர் மக்களைச் சில நாள் வெளியேற்றினர். திறந்தவெளியில் எரித்துவிடலாம் என்று முதலில் முடிவாயிற்று. அந்நச்சுப்புகையை எங்கள் பிள்ளைகள் சுவாசிப்பதோ என்று ஊரார் எதிர்த்தனர். காவற்பொருள் நாளுக்கு நாள் செலவாகிக்கொண்டிருக்க, வாதம் மாதக்கணக்கில் நடந்தது. முடிவில் மூடிய எரிகலன் ஒன்றை அங்கேயே அமைத்து, 2016 இல் தொடங்கி 2017 ஏப்பிரலில் அவ்வளவையும் எரித்து முடித்தனர்.