ஃபிஷர் பாடி – ஜெனரல் மோட்டார்ஸ் இணைப்பு

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டியதை வெளியே வாங்குவதா, தானே செய்துகொள்வதா என்ற கேள்விக்குப் பொருளியல் நூல்கள் மிகுதியாக எடுத்தாளும் நிகழ்வு இது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தனக்குக் கார் பாடி கட்டித் தந்த ஃபிஷர் பாடி நிறுவனத்தை 1926-இல் முழுமையாக வாங்கித் தன் பிரிவுகளில் ஒன்றாக்கியது. பரிவர்த்தனைச் செலவுப் பொருளியலின் பெரிய விவாதம் ஒன்று இதைச் சுற்றி எழுந்தது.

குதிரை வண்டி கட்டும் குடும்பத்தில் வந்த ஃபிஷர் சகோதரர்கள் 1908-இல் டெட்ராய்ட்டில் தொழில் தொடங்கினர். அக்காலக் கார்கள் பெரும்பாலும் கூரையற்றவை. பாடி என்பது தச்சர் கைவேலை. மூடிய கார்கள் பெருகியபோது உலோகத் தகட்டை அழுத்தி வடிக்கும் டைகளும் அச்சு எந்திரங்களும் தேவைப்பட்டன. ஒரு மாடலுக்காகச் செய்த டை இன்னொன்றுக்கு உதவாது. அதில் பணம் போடுபவர் வாங்குபவரின் உறுதியை எதிர்பார்ப்பது இயல்பே. 1919-இல் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. மூடிய பாடிகள் ஏறத்தாழ அனைத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபிஷரிடமே வாங்கும். விலை, அடக்கச் செலவுக்கு மேல் 17.6 விழுக்காடு. அதே ஆண்டில் ஃபிஷர் பாடியின் 60 விழுக்காடு பங்குகளும் ஜெனரல் மோட்டார்ஸ் வசம் வந்தன. இந்த இரண்டாவது செய்தியைப் பிற்காலத்தில் பலர் போதிய அளவு கவனிக்கவில்லை.

லண்டன் பொருளியல் பள்ளியின் மாணவர் ரொனால்ட் கோஸ் 1931–32-இல் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஃபிஷர் பாடி பற்றியும் விசாரித்தார். மில்வாக்கியின் ஏ.ஓ. ஸ்மித் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுக்கென்றே பெருமுதலீடு செய்து சட்டகங்கள் தந்தும் தனி நிறுவனமாகவே நீடித்ததைக் கண்டார். தனிப்பயன் முதலீடு இருந்தாலே இணைப்பு நேரும் என்பதற்கு இது வலுவான மறுப்பு. விலை தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது ஆகியவற்றின் செலவே நிறுவனங்கள் உருவாகக் காரணம் என்ற அவரது 1937 கட்டுரையின் சிந்தனை இந்தப் பயண காலத்திலேயே உருப்பெற்றது.

1978-இல் பெஞ்சமின் க்ளைன், ராபர்ட் க்ராஃபர்ட், ஆர்மன் ஆல்ச்சியன் வேறு விளக்கம் தந்தனர். ஒப்பந்தத்தால் ஜெனரல் மோட்டார்ஸின் குடுமி ஃபிஷர் கையில் சிக்கியது. மூடிய கார்களுக்குத் தேவை பெருகியும் ஃபிஷர் விலையைக் குறைக்கவில்லை, அசெம்பிளி ஆலைகளுக்கு அருகே ஆலை கட்டவும் மறுத்தது. அதனால்தான் இணைப்பு என்றனர். ஆலிவர் வில்லியம்சன் வளர்த்த தனிப்பயன் சொத்துக் கோட்பாட்டுக்கு இது வாகாகப் பொருந்தியதால் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

2000-இல், தம் 89-ஆம் வயதில், கோஸ் ஆவணங்களோடு இதை மறுத்தார். அதே ஆண்டில் ராபர்ட் ஃப்ரீலாண்டும், ரமோன் கசாதேசுஸ்-மசானெலும் டேனியல் ஸ்பல்பரும் தனித்தனி ஆய்வுகளில் அம்முடிவையே எட்டினர். புதிய பாடி ஆலைகள் பல ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே ஆலைகளை ஒட்டியே எழுந்திருந்தன. 60 விழுக்காடு பங்கு வைத்திருப்பவரைச் சுரண்டுவது எளிதும் அன்று. சகோதரர்களில் ஒருவரான லாரன்ஸ் ஃபிஷர் 1925-லேயே ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவின் தலைவராகிவிட்டார். சகோதரர்களின் நிர்வாகத் திறனைத் தக்கவைப்பதும் இரு தரப்பு உற்பத்தியை ஒருங்கிணைப்பதுமே இணைப்பின் நோக்கம் என்றனர். க்ளைன் தம் நிலையை விடாமல் மறுமொழிகள் எழுதினார்.

கோஸ் 1991-இலும் வில்லியம்சன் 2009-இலும் நோபல் பரிசு பெற்றனர். ஃபிஷர் பாடி பிரிவு 1984-இல் கலைக்கப்பட்டது. 1999-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் உதிரிபாகத் தொழிலை டெல்ஃபை என்ற தனி நிறுவனமாகப் பிரித்து விட்டது.